விலெம் மேஸ்திரியின் நேரான குவளைகள்

என் இடது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு தழும்பு இருக்கிறது. செர்ரிக் கொட்டை அளவு, நல்ல வட்டம். தழும்பைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. கண்ணாடி உலைக்கு முன்னால் நின்று வயிறு வளர்த்தவன் உடம்பில் தழும்பு இல்லாவிட்டால்தான் அவனைச் சந்தேகப்பட வேண்டும். அதைப் போட்டவர் அன்றைக்குச் சொன்ன வார்த்தைதான் இத்தனை வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

“நல்ல சொட்டு ஒண்ணு வீணாப் போச்சு பாருங்கடா. இந்த ஓட்டைக்கையன் குறுக்கால கையைக் கொண்டுவந்து நீட்டுறான்.”

சொன்னவர் விலெம் காலினா, எங்கள் உலையின் மேஸ்திரி. அன்றோடு டோனிக் என்ற என் பெயர் போயிற்று. கையில் எதுவும் நிற்காத ஓட்டைக்கையன் ஆனேன். பீர்க்கடையில் போய் உட்கார்ந்தால், “இவனுக்கு ரெண்டு கைப்பிடி வச்ச குவளையாக் குடுங்க” என்பார்கள். எங்கள் கல்யாணங்களில் வாசலில் தட்டை உடைத்து, மணமக்கள் அதைப் பெருக்கி அள்ளுவது வழக்கம். என் கல்யாணத்தில் ஸ்லாவெக் எழுந்து நின்று, “தட்டை மாப்பிள்ளை கையிலயே குடுத்துடுங்க, உடைக்கிற வேலை மிச்சம்” என்றான். என் மாமியார்கூடச் சிரித்தாள்.

எங்கள் ஊர் வடக்கு பொஹீமியாவில், மலைச் சரிவில். அரசாங்கக் கண்ணாடி ஆலையை மூடின பிறகு ஹெடாவும் அவள் புருஷனும் ஒரு பழைய மாட்டுக்கொட்டகையை வாங்கிச் சின்ன உலை ஒன்று போட்டார்கள். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். ஹெடா ஒருத்தியே முதலாளியானாள். பூச்சாடியும் சாம்பல்தட்டும் மூலைக்கு மூலை மலிந்து கிடந்த காலம், அதனால் அவள் பழங்காலச் சரக்கைப் பிடித்துக்கொண்டாள். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பணக்காரர்கள் முழங்கை நீளத்துக்கு நெட்டையான, பச்சையோடிய குவளைகளில் குடித்திருக்கிறார்கள். போதையில் கைதவறிக் கக்கூஸ் குழியில் போட்டிருக்கிறார்கள். இப்போது படித்தவர்கள் வந்து அந்தக் குழிகளைத் தோண்டி, சில்லுகளைக் கழுவி ஒட்டி, படம் வரைந்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதே மாதிரி ஊதித் தர வேண்டும். கோட்டைகளில் விருந்துக்கு வைப்பார்கள், அருங்காட்சியகக் கடையில் விற்பார்கள், சினிமாக்காரன் வாங்கிப் போவான்.

“பிரபு குடிச்சுட்டுக் கக்கூஸ்ல போட்டதை நாம ஊதி ஊதித் திருப்பிக் குடுக்கிறோம்” என்பான் ஸ்லாவெக். அவன் எங்களிடம் இரண்டாவது ஊதுகாரன்.

அந்தக் குவளையின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிச் சொட்டுகள் ஒட்டியிருக்கும், மழையில் நனைந்து வந்த மாதிரி. மேஸ்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஊதுகுழலை உருட்டிக்கொண்டே இருப்பார். நான் உலையிலிருந்து கம்பி நுனியில் துளி கண்ணாடியை அள்ளிக்கொண்டு ஓடிவந்து நீட்ட வேண்டும். அவர் அதைக் குவளைமேல் தொடவிட்டுக் கத்தரியால் வெட்டுவார். உடனே அடுத்த சொட்டு. கடைசியாக அடியில் ஒரு வளையத்தைச் சுற்றி ஓட்டுவார். குவளை நிற்பது அந்த வளையத்தின் மேல்தான். அது ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் குவளை சாய்ந்துபோகும். அந்த வளையத்தை விலெம் மேஸ்திரி வேறு யார் கையிலும் விட்டதில்லை.

நேர், நேர், நேர். அந்த மனிதருக்கு வாயைத் திறந்தால் அதுதான். தலையை வாருவதிலிருந்து சவப்பெட்டி தூக்குவதுவரை கோணல் ஆகாது. ஒரு தடவை ஸ்லாவெக் ஊதிய குவளை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஸ்லாவெக் அப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்தக் குவளையைக் கயிற்றில் கட்டி அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, “சாயங்காலம்வரை கழட்டினா நாளைக்கு வராத” என்றார் மேஸ்திரி. அவன் அதோடு வேலை செய்தான். அதோடு உட்கார்ந்து மாவுருண்டையும் முட்டைக்கோசும் தின்றான். பள்ளிக்கூடம் விட்டு வந்த அவன் மகள் கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஸ்லாவெக் அதை மறக்கவில்லை. நானாக இருந்தாலும் மறக்க மாட்டேன்.

உலைத் தீ கண்ணைத் தின்னும். எல்லார் கண்ணையும் கொஞ்சம் தின்னும். கறுப்புக் கண்ணாடி போடாதவன் கண்ணை முழுசாகத் தின்னும். மேஸ்திரி போட்டதில்லை. “கறுப்புக் கண்ணாடியெல்லாம் கடற்கரையில படுத்திருக்கிறவனுக்குடா” என்பார். ஒரு வசந்தகாலத்தில் அவர் சிகரெட்டைத் தலைகீழாகப் பற்றவைத்தார். நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். பிறகு வந்தது என் தழும்பு.

அன்றைக்கு நான் கம்பியோடு ஓடிவந்து நீட்டினேன். அவர் கத்தரியைக் கொண்டுவந்தார். குவளை இருந்த இடம் வேறு, அவர் சொட்டை வெட்டிய இடம் வேறு. வெறும் காற்றில் வெட்டினார். சொட்டு நேராக என் கைமேல் விழுந்து உட்கார்ந்தது. தோல் கருகும் வாசனை எனக்கு முன்னால் ஸ்லாவெக்குக்குத்தான் போனது. அவன் சிரிக்க ஆரம்பித்தான். வலியில் குனிந்து நிமிர்ந்தபோது மேஸ்திரியின் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. இரண்டு கருவிழியிலும் பால் ஊற்றின மாதிரி வெள்ளை. என் கை எங்கே, குவளை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. அதனால்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். கொட்டகையே சிரித்தது.

அதற்குப் பிறகு சொட்டை நானே கொண்டுபோய்க் குவளைமேல் சரியான இடத்தில் தொடவைத்தேன். அவர் வெட்டினார். அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. வளையத்தை மட்டும் விடவில்லை. மங்கலாகத் தெரிந்த வெளிச்சத்தை நம்பி அதை ஓட்டினார். குவளைகள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன.

கண்ணில்லாதவன் கையால் தடவிப் பார்க்க மாட்டானா என்று கேட்கலாம். எங்கள் உலையில் ஒரு பழக்கம் உண்டு. ஊதின குவளை நேரே ஆறவைக்கும் அடுப்புக்குள் போய்விடும். மறுநாள் அதை எடுத்துப் பார்த்துத் தரம் பிரிக்கிற அறைக்குள் ஊதுகாரன் கால் வைக்கக் கூடாது. வைத்தால் எல்லாருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். தன் கைமேல் நம்பிக்கை இல்லாதவன்தான் நேற்று ஊதினதைப் பார்க்கப் போவான் என்பது எங்கள் கணக்கு. ஸ்லாவெக் மாசத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பீர் வாங்கித் தருவான். விலெம் மேஸ்திரி தன் ஆயுசில் அந்த வாசலை மிதித்ததில்லை. அதில் அவருக்கு அத்தனை கர்வம்.

ஹெடா அந்தக் கோணல்களை உடைகண்ணாடித் தொட்டியில்தான் போட வைத்திருந்தாள். மேஸ்திரியை எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்த வாரம் அது. அப்போது கோட்டையிலிருந்து சரக்கு எடுக்க ஒரு அம்மாள் வந்தாள். ஸ்லாவெக்கின் குவளைகளை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு தொட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

“இது யார் பண்ணினது?”

“அது கழிச்சதுங்க” என்றாள் ஹெடா.

“எங்ககிட்ட இருக்கிற பழசும் இப்படித்தான் சாய்ஞ்சு நிக்கும். மத்ததெல்லாம் பாத்தா மெஷின்ல பண்ணின மாதிரி இருக்கு. எங்களுக்கு இந்த ஆள் பண்ணினதுதான் வேணும். இதே மாதிரி.”

நான் அப்போது அந்தத் தரம் பிரிக்கிற அறையில் வைக்கோலை அள்ளிப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். ஹெடாவின் முகம் மாறினதைப் பார்த்தேன். தொட்டியில் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, மேலங்கியில் துடைத்து, மேஜைமேல் வைத்தாள்.

அன்று மத்தியானம் உலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மேஸ்திரி, கோட்டையில உங்க குவளைதான் வேணுமாம். வேற யாரோடதும் வேண்டாமாம்.”

மேஸ்திரி குழலை உருட்டுவதை நிறுத்தவில்லை. “நேரா இருக்குல்ல. அதான்.”

ஹெடா ஒரு மூச்சு விட்டாள். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஆமா மேஸ்திரி. அதான்.”

பொய் அங்கேதான் தொடங்கியது. அவர் எங்களிடம் குருட்டை மறைத்தார், நாங்கள் அவரிடம் கோணலை மறைத்தோம். கொட்டகையில் வேலை நிறைய வந்தது. அதற்கு முந்தின வருஷம் உருளைக்கிழங்கும் மோருமாக ஓட்டினவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாத்து வறுத்தார்கள். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என் மனைவி ஒரு தடவை கேட்டாள். சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

ஸ்லாவெக்குக்கு அது திருவிழா. மேஸ்திரி வளையம் ஓட்டும்போது பின்னால் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டுவான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மேஸ்திரி என்ன சத்தம் என்று திரும்பினால், “ஒண்ணுமில்ல மேஸ்திரி, உங்க கையைப் பாத்து மலைச்சுப்போய் நிக்கிறாங்க” என்பான்.

ஒரு நாள் மேஸ்திரிக்கே என்னவோ தோன்றியது.

“டேய் ஸ்லாவெக், உள்ள போய் என் குவளை ஒண்ணு எடுத்துட்டு வா. நான் வரல, பீர் வாங்க எனக்கென்ன தலையெழுத்தா. கையில பிடிச்சுப் பாக்கணும்.”

ஸ்லாவெக் உள்ளே போனான். வெளியே கொண்டுவந்தது அவன் சொந்தமாக ஊதினது. கோட்டைக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கினது. தூண் மாதிரி நேர். மேஸ்திரி அதை இரண்டு கையிலும் வாங்கி, அடியிலிருந்து வாய்வரை கட்டைவிரலால் தடவினார். மடியில் நிறுத்தினார். சுற்றினார். மறுபடி தடவினார். அவர் முகம் இளகிப்போனது.

“பாத்தியாடா. இது கை. உனக்கு இன்னும் இருபது வருஷம் ஆனாலும் வராது.”

“வராது மேஸ்திரி” என்றான் ஸ்லாவெக். “இது மாதிரி யாருக்கு வரும்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிற எல்லையைத் தாண்டிப் போயிருந்தது.

கோட்டையில் புதுக் கூடம் திறந்தார்கள். தோண்டியெடுத்து ஒட்டின பழைய குவளை ஒரு பெட்டியில். அதன் பக்கத்துப் பெட்டியில், முழுசாக இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட, மேஸ்திரியின் குவளை. கீழே அட்டையில் அவர் பெயர். அவர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். டை நேராக இருக்கிறதா என்று வண்டியில் என்னை நாலு தடவை கேட்டார். பெட்டிக்கு முன்னால் நிறுத்தினோம். உள்ளே எரிகிற விளக்கை மட்டும்தான் அவர் பார்த்திருப்பார். அதையே வெகுநேரம் பார்த்தார். சுற்றிலும் கைதட்டினார்கள்.

என் காதுப் பக்கம் குனிந்தார். “நேரா நிக்குதாடா?”

“நிக்குது மேஸ்திரி.”

குவளை கல்யாண வீட்டில் குடித்துவிட்டுக் கடைசியாக வெளியே வருகிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

மேஸ்திரிக்குப் பெண்டாட்டி இல்லை. மகள் பிளாங்கா பக்கத்து ஊரில் தபால் கொடுக்கிறவள். அப்பனைப் பார்க்க ஞாயிறு ஞாயிறு வருவாள். ஒரு ஞாயிறு அவள் வந்ததும் கொக்கியில் தன் மேல்கோட்டை மாட்டிவிட்டுப் பூனைக்குப் பால் வைக்கப் போயிருக்கிறாள். மேஸ்திரி அந்த மேல்கோட்டைப் பார்த்து, “என்னம்மா நின்னுட்டே இருக்க, உக்காரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மறுநாளே கொட்டகைக்கு வந்துவிட்டாள். தபால் பை தோளிலேயே இருந்தது.

“எங்கப்பாவுக்கு லீவு வேணும். கண்ணு ஆபரேஷன்.”

“தாராளமா” என்றாள் ஹெடா. “ஈஸ்டர் ஆர்டர் முடியட்டும்.”

“ஈஸ்டர் முடிஞ்சா கோடைக்கால ஆர்டர் வரும். அவருக்குக் கண்ணு தெரியலன்னு உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“அவரே எங்ககிட்டச் சொல்லலியே, பிளாங்கா. பெரிய மனுஷன். நாங்களா போய்க் கேக்க முடியுமா?”

“எங்கப்பா கண்ணு உங்க கடைச் சரக்கு இல்ல.”

ஹெடா குரலைத் தாழ்த்தினாள். “கண்ணு வந்தா உங்கப்பாவுக்கு நல்லதுன்னு நினைக்கிறியா நீ? நல்லா யோசிச்சுக்கோ.”

பிளாங்காவுக்கு அது மிரட்டலாகத்தான் காதில் விழுந்தது. அவளுக்குக் கோணல் விஷயம் தெரியாது. மேஸ்திரியும் முதலில் மாட்டேன் என்றுதான் குதித்தார். ஒரு வாரம் வராவிட்டால் தன் பெஞ்சில் ஸ்லாவெக்கை உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயம். அவள் விடவில்லை. தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

ஆபரேஷன் ஒன்றும் பெரிய விஷயமாக இல்லை. திரும்பி வந்த அன்று மேஸ்திரி வாசலில் நின்று கொட்டகையை ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். “கூரை இவ்வளவு அழுக்காவா இருந்துச்சு” என்றார். என்னைப் பார்த்து, “உனக்கு எப்போடா இவ்வளவு நரை” என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அதை நான் அவரிடம் அதுவரை கண்டதில்லை. பிறகு பாக்கெட்டிலிருந்து நோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இன்னிக்கு எல்லாருக்கும் பீர் என் கணக்கு. நான் உள்ள போறேன்.”

ஹெடா கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். “இன்னிக்கு வேண்டாம் மேஸ்திரி. உள்ள ஒரே வைக்கோலும் தூசியுமா இருக்கு. கண்ணுக்கு ஆகாது.”

“கண்ணு எனக்குத் தெரியும். தள்ளும்மா.”

உள்ளே மேஜைமேல் கோட்டைக்குப் போக வேண்டிய குவளைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் அவருடையவை. சந்தைக்கு வந்த குடிகாரர்கள் மாதிரி, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அவர் நடந்துபோய் ஒன்றை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

“யாருடா பண்ணினது இந்தக் குப்பை? ஸ்லாவெக், நீயா?”

ஸ்லாவெக் கதவோரம் சாய்ந்து நின்று ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்றுகொண்டிருந்தான். அவசரப்படவில்லை. மென்று விழுங்கினான்.

“அதெல்லாம் நீங்க பண்ணினது மேஸ்திரி.”

“என்ன உளர்ற.”

“உங்களோடதுதான். கோட்டையில நிக்கிறதும் அப்படித்தான். அதைவிடக் கொஞ்சம் அதிகமாவே சாய்ஞ்சிருக்கும். அதனாலதான் வாங்குறாங்க. ஊருக்கே தெரியும். மாடத்துல நேரா ஒண்ணு நிக்குது பாருங்க, அது என்னோடது. மடியில வச்சுத் தடவிப் பாத்தீங்களே, அதேதான்.”

மேஸ்திரி திரும்பி என்னைப் பார்த்தார். கோட்டையில் நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். இப்போது நல்ல நீலமாக இருந்தது. அவர் வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். “சொட்டு கொண்டா” என்றார். கொண்டுபோனேன். அன்று ஊதின அத்தனையும் நேர். பீரை யாரும் மிச்சம் வைக்கவில்லை. அவர் மட்டும் குடிக்கவில்லை.

அந்த நேரான குவளைகளை அடுக்கின பெட்டி கோட்டைக்குப் போனது, அப்படியே திரும்பி வந்தது. மெஷின் மாதிரி இருக்கிறதாம். ஹெடா அவரிடம் நேராகவே சொன்னாள். இனி மறைக்க என்ன இருந்தது.

“மேஸ்திரி, முன்ன மாதிரி பண்ணுங்க.”

“வேணும்னு கோணலாப் பண்ணச் சொல்றியா?”

“நீங்க முன்ன பண்ணினதைத்தான் பண்ணச் சொல்றேன்.”

அவர் முயற்சி செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வளையத்தை ஒரு பக்கம் ஏற்றி ஓட்டப் பார்ப்பார். ஓட்டி முடிக்கும்போது கை தானாகச் சமன் செய்துவிடும். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு நாள் ஊதினார். ஹெடா பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டட்டுமா” என்று கேட்டாள். வேடிக்கைக்கு இல்லை, நிஜமாகவே கேட்டாள். கட்டின கண்ணோடு ஊதினதும் நேராகத்தான் வந்தது. முழுக் குருட்டில் கை தன் வழியில் போனது. அரைக் கண்ணைக் கை நம்பினதால் வந்த கோணல் அது. இரண்டு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு அதை எங்கே போய்த் தேட.

அவர் அந்தத் துணியோடு போராடிக்கொண்டிருந்த வாரத்தில் ஸ்லாவெக் பக்கத்துப் பெஞ்சில் பேச்சில்லாமல் ஒரு குவளையைச் சாய்த்து ஊதினான். பிறகு இன்னொன்று. அவன் நினைத்தால் கோணல் சுலபமாக வரும். அதற்காகத்தானே கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான். கோட்டை அம்மாள் அதைப் பார்த்து, “இது அந்தப் பழைய கை” என்றாள். ஹெடா ஆமாம் என்றாள்.

பெஞ்சு ஸ்லாவெக்குக்குப் போனது. சொட்டு கொண்டுபோகிற கம்பி மேஸ்திரி கைக்கு வந்தது. என்னைப் பெட்டி கட்டவும் வண்டியில் சரக்கு கொண்டுபோகவும் மாற்றினார்கள். பிளாங்கா அவரை வீட்டோடு இருக்கச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. உலையை விட்டு எங்கே போவார்? வேறு ஒன்றும் தெரியாத மனிதர்.

ஸ்லாவெக் அவரை மேஸ்திரி என்றுதான் கடைசிவரை கூப்பிட்டான். அதுதான் அதிலேயே பெரிய கொடுமை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேஸ்திரி. கையில கிய்யில விழுந்தா நல்ல சொட்டு வீணாப் போயிடும்.”

“மேஸ்திரி, வளையம் ரொம்ப நேரா வருது. உங்க நல்ல காலத்துல எப்படிப் பண்ணுவீங்க, சொல்லிக் குடுங்க.”

அவர் கம்பியை நீட்டுவார். திரும்புவார். அடுத்ததை அள்ளுவார். ஒரு சொட்டுகூட இடம் தவறினதில்லை. பார்வை கழுகு மாதிரி இருந்தது.

விலெம் என்ற பெயருக்கென்று காலண்டரில் இருக்கிற பெயர்நாள் வந்தது. கேக்கும் ரம்மும் வைத்தார்கள். திரும்பி வந்த பெட்டியிலிருந்து அவருடைய நேரான குவளை ஒன்றை ஸ்லாவெக் எடுத்து, கழுத்தில் கயிறு கட்டி, பரிசு கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் அவர் தலைவழியாக மாட்டினான். சிலர் கைதட்டினார்கள். சாயங்காலம்வரை என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மேஸ்திரி அதைக் கழற்றவில்லை. அதோடு உலைக்கும் பெஞ்சுக்கும் நடந்தார். நெஞ்சில் இடித்து இடித்து அது சத்தம் போட்டது. ஹெடா ஒரு தடவை எட்டிப் பார்த்து, “உடைச்சிடாதீங்க, நேரானதை ஒரு சினிமாக்காரன் கேட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மணி அடித்ததும் அவரே கழற்றி, துடைத்து, மாடத்தில் வைத்தார். நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறம்தான் மேல்கோட்டை மாட்டிக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவரை நுரையீரல் நோய் பிடித்துக்கொண்டது. அதுவும் எங்களுக்கு வழக்கமாக வருகிற சங்கதிதான். மாவட்ட ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஸ்லாவெக் போகவில்லை. ஹெடா ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினாள். கோட்டையில் சரக்கு இறக்கிவிட்டு வருகிற வழியில் நான் போனேன். ஆசையோடு போனேன் என்று சொல்ல மாட்டேன். வழியில் இருந்தது, போனேன்.

ஜன்னலோரக் கட்டில். உடம்பு பாதியாகியிருந்தது. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. பேச மூச்சு போதவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தினார். போர்வை ஓரத்தை இழுத்துக் கட்டில் சட்டத்துக்கு நேராக வைத்துக்கொண்டே இருந்தார்.

“சட்டையை மடி. அந்தக் கையைக் காட்டு.”

மடித்து நீட்டினேன். என் தழும்பை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. போட்டபோது கண் இல்லை. கண் வந்த பிறகு நான் காட்டவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றித் தடவினார், குவளையைத் தடவுகிற மாதிரியே.

“நல்ல வட்டம். நடுவுல குழி சரியா விழுந்திருக்கு. எந்தப் பக்கமும் சாயல.”

“நீங்க போட்டது” என்றேன்.

“தெரியும்.”

இப்போதாவது சொல்லுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை. அவர் என் கையைக் கீழே வைத்துவிட்டு இருமினார். நர்ஸ் வந்து தலையணையை உயர்த்திவிட்டுப் போனாள்.

“கோட்டையில அந்தப் பெட்டியெல்லாம் இப்போ நீதானே துடைக்கிற?”

“சரக்கு கொண்டுபோகும்போது துடைச்சுட்டு வரச் சொல்றாங்க. பூட்டைத் திறந்து விடுவாங்க.”

“என் பேர் போட்டு ஒண்ணு நிக்குதே.”

“நிக்குது.”

“அடுத்த தடவை போறப்ப அதைக் கையில எடு.” மூச்சு வாங்கினார். கண் என்மேலேயே இருந்தது. “எடுத்துக் கீழ போட்டுரு. உன்னை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க. நீ ஓட்டைக்கையன்னு நான்தான் ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேனே.”